ஆளில்லாத வீட்டைப் பற்றி ஒரு பிரசங்கம்

என் கணவர் முதன்முதலாகச் சபையில் பேச எழுந்த அன்று, அவருடைய முழங்கால் நடுங்குவது பேண்ட்டுக்கு மேலேயே தெரிந்தது. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அவரைவிட அதிக நடுக்கம். அவர் பேச்சாளர் இல்லை. திண்டிவனத்தில் மோட்டார்களுக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மிக்ஸி என்று எது புகைந்துபோனாலும் அவரிடம் வரும். சபையில் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் அவர் பொறுப்பு. ஆராதனை முழுக்க ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பார். அன்று வெளியூரிலிருந்து வரவேண்டிய பிரசங்கியார் வரவில்லை. பாஸ்டருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பிரதர், நீங்க டெய்லி வேதம் வாசிக்கிறவராச்சே. கொஞ்ச நேரம் பேசுங்க" என்று மைக்கை இவர் கையில் கொடுத்துவிட்டார்.

கிணற்றடியில் தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண்ணிடம் இயேசு பேசிய கதையைத் தொடங்கினார். கிணறு என்றால் அவருக்குத் தெரிந்த விஷயம். ஆனால் ஒரே வசனத்தை இரண்டு தரம் வாசித்தார். எச்சில் விழுங்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. நடுவில் மைக் கீச்சென்று கத்தியதும், பழக்கதோஷத்தில் பேச்சை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபையரிடம் ஓடினார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் மகளும் கை தட்டிச் சிரித்தாள். அதன் பிறகு அவரால் பேச முடியவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இனிமே அந்தப் பக்கமே போவமாட்டேன்" என்று வீட்டில் சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஆனால் அடுத்த நாள் மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது கடைக்குள் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் ஆள் யாரும் இல்லை. கழற்றிப்போட்ட மோட்டார்களைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

கொஞ்சம் வெட்கப்பட்டார். "பேசி முடிக்கலையே. அந்தம்மா குடத்தை வச்சிக்கினு கிணத்தாண்டயே நிக்குது. நான் பாட்டுக்கு அதை அங்கியே விட்டுட்டு வந்துட்டேன்."

அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாரும் கேட்காவிட்டாலும் அந்தக் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அதற்காகத்தான் பேசக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்.

நான் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். பயந்த முகங்களைப் பார்ப்பதுதான் என் நாள் முழுக்க வேலை. பயந்திருப்பவர்களிடம் வேகமாகப் பேசினால் அவர்கள் காதில் எதுவும் ஏறாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் நம்மைப் பார்க்கும்வரை காத்திருந்து, பிறகுதான் சொல்ல வேண்டும். அதை அவருக்குச் சொன்னேன். அவர் பேசுவதைப் போனில் பதிவுசெய்து போட்டுக்காட்டினேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசி வார்த்தையை விழுங்கிவிடுகிறார் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மூச்சை எங்கே விட வேண்டும், மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும், கடைசி வரிசையில் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. மறுபடி வாய்ப்பு வந்தபோது அந்தப் பெண் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிற இடம்வரை கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். சுற்றுப்பட்ட கிராமங்களில் தகரக் கொட்டகைச் சபைகளுக்குக் கூப்பிட்டார்கள். ஜனங்கள் கேட்டார்கள், சிலர் தூங்கினார்கள், "நல்லா இருந்துச்சு பிரதர்" என்று டீ கொடுத்து அனுப்பினார்கள்.

பிரம்மதேசத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் நடந்த கூட்டத்தில்தான் எல்லாம் மாறியது. எங்கள் சபைகளில் இரகசிய வருகை என்று ஒன்று சொல்வார்கள். யாரும் நினைக்காத ஒரு நேரத்தில், கண் மூடித் திறப்பதற்குள், உண்மையான விசுவாசிகளைக் கர்த்தர் வானத்துக்கு எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் பூமியிலேயே விடப்படுவார்கள் என்பது அதன் சாரம். அதைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே மழை பிடித்து, கரண்ட் போனது. விளக்கு, மின்விசிறி, மைக் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. கொட்டகை இருட்டாகிவிட்டது. இவர் பேச்சை நிறுத்தவில்லை. குரலை இறக்கி, "இப்ப, இந்த நிமிஷம், உங்க பக்கத்துல இருந்தவங்க இல்ல. தொட்டுப் பாருங்க" என்றார்.

ஒரு பெண் அலறினாள். அவளைத் தொடர்ந்து கொட்டகை முழுக்க அழுகை. என் மகள் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். எனக்கே பக்கத்தில் கை நீட்டித் துழாவி, யாருடைய புடவையோ பட்ட பிறகுதான் மூச்சு வந்தது. கரண்ட் வந்தபோது பாதிக் கூட்டம் முன்னால் வந்து மண்டியிட்டிருந்தது.

பைக்கில் திரும்பும்போது அவரால் பேச்சை அடக்க முடியவில்லை. "பார்த்தியா? ஒருத்தர் கூடத் தூங்கல!" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அந்தச் செய்திக்காகவே, அதாவது அந்தப் பிரசங்கத்துக்காகவே, கூப்பிட்டார்கள். வானூர் பக்கம், கண்டாச்சிபுரம் பக்கம், பிறகு விழுப்புரம். அவர் அதைச் செதுக்கிச் செதுக்கிச் செய்தார். ஒரு வீட்டைப் பற்றிச் சொல்வார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கிறது. வாசலில் செருப்பு கிடக்கிறது. கதவு திறந்திருக்கிறது. போன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. வெளியே போயிருந்த ஒருவன் திரும்பி வந்து, வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிடுகிறான். பதில் இல்லை. இந்த இடத்தில் கையை உயர்த்தி வாட்சைத் தொடுவார். அதுதான் மைக் செட்காரருக்குச் சைகை. அவர் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். விளக்கு அணைவதைவிட, ஃபேன்கள் சுற்றி ஓய்ந்து சத்தம் அடங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் ஜனங்கள் அதிகம் பயப்படுவார்கள் என்று எனக்கு விளக்கினார். கரண்ட் அவர் தொழில். அது எங்கே ஆளை அடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"எதுக்குங்க லைட்டை நிறுத்தறீங்க? அன்னிக்கி தானா போச்சு. இப்ப நாமளே நிறுத்தறது பொய் மாதிரி இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயந்தாத்தான் மனுஷன் திருந்துவான். ஹைவேஸ்ல ஸ்லோவா போன்னு போர்டு வச்சா எவன் கேக்கறான்? ஸ்பீடு பிரேக்கர் போட்டாத்தான் வண்டி நிக்குது."

கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு கொத்தனார் அந்தக் கூட்டத்துக்கு வந்ததிலிருந்து குடியை விட்டிருந்தார். அவருடைய மனைவி, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கே வந்து அழுதுவிட்டுப் போனாள். அதை எப்படித் தப்பென்று சொல்வது?

மகள் அப்போது ஆறாம் வகுப்பு. எல்லாக் கூட்டங்களுக்கும் எங்களோடு வந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தால் கதவைத் தட்டி, "அம்மா, இருக்கியா?" என்பாள். "இருக்கேன்டி" என்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டுவாள். மாடியில் துணி காயப்போடப் போனால் பின்னாலேயே வருவாள். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, ஒரே ஒரு பொய் சொன்னாக்கூட விட்டுட்டுப் போயிடுவாங்களா?"

"யாருடி?"

"நீயும் அப்பாவும்."

அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "பிள்ளைக்குக் கர்த்தருக்குப் பயப்படற பயம் இருக்குது. நல்லதுதானே" என்றார். சொன்னாரே தவிர, அவர் முகத்தில் அந்த நல்லது தெரியவில்லை.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உபவாச ஜெபம் ஏற்பாடாகியிருந்தது. வேலை நாள். மதியச் செய்தி என் கணவருடையது. காலையிலேயே அவரும் பாஸ்டர் குடும்பமும் வேனில் கிளம்பிவிட்டார்கள். மகளுக்குப் பரீட்சை, மதியத்தோடு பள்ளி விட்டுவிடும் என்பதால் நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் குழம்புக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். மாடியில் தொப்பென்று ஒரு சத்தம். கூடவே, மேலே மகனோடு குடியிருக்கும் எங்கள் வீட்டுக்கார அக்காவின் குரல், பாதியில் அறுந்தது போல.

வெறுங்காலோடு ஓடினேன். அக்கா குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். தலைக்கு அடியில் ரத்தம். அவருடைய மகன் ஊரில் நிலத்தைப் பார்க்கப் போயிருந்தான். துண்டை வைத்து அழுத்தியபடி ஜன்னல் வழியே கத்தினேன். பின்பக்கச் சந்தோடு போன ஆட்டோக்காரர் ஏறி வந்தார். இருவருமாகத் தூக்கி இறக்கினோம். பின் படிக்கட்டு நேராகச் சந்துக்குள் இறங்கும். ஆட்டோவில் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பாதி தூரம் போன பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது. போனும் அலமாரியிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆட்டோக்காரர் போனை வாங்கி, அக்கா திக்கித் திக்கிச் சொன்ன எண்ணில் அவர் மகனைக் கூப்பிட்டேன். என் கணவர் எண்ணையும் போட்டேன். மேடைக்குப் போகும்முன் அணைத்துவிடுவார், அணைத்திருந்தார். "ஜல்தி வாப்பா" என்று அக்கா மகனிடம் இரண்டு தரம் சொன்னேன். தையல் போட்டு முடிக்கும்போது அவன் வந்துவிட்டான். அதே ஆட்டோவில் வீட்டுக்குப் பறந்தேன்.

கதவு நான் விட்டுப்போனபடியே திறந்திருந்தது. வாசலில் என் செருப்பு. கூடத்தின் நடுவில் மகளின் பள்ளிப் பை விழுந்து கிடந்தது. சமையலறைக்குள் போனேன். சோறு பாதி வெந்து நின்றிருந்தது. அடுப்பு அணைக்கப்பட்டிருந்தது.

அணைத்தது அவள்தான்.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கொதிக்கும் சோறு, வாசலில் செருப்பு, திறந்த கதவு, ஆளில்லாத வீடு. போனை எடுத்துப் பார்த்தேன். ஸ்கேன் சென்டரிலிருந்து இரண்டு மூன்று அழைப்புகள் வந்து நின்றிருந்தன. அவள் நிற்கும்போது அதுவும் அடித்திருக்கும். அவள் அப்பா கூட்டம் கூட்டமாகச் சொல்லிக் காட்டிய அந்த வீட்டுக்குள்தான் என் பிள்ளை பரீட்சை எழுதிவிட்டு வந்து நுழைந்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டம்மா சுவர் வழியே எட்டிப் பார்த்தார். "உன் பொண்ணு வாசல்ல நின்னு அம்மா, அம்மான்னு கூப்ட்டுக்கினே இருந்துச்சு. நான் கையைத் துடைச்சிக்கினு வெளிய வர்றதுக்குள்ள ஓடிடுச்சு. இன்னா ஆச்சு?"

பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். இரண்டு தெரு தள்ளித்தான். அங்கே பூட்டு தொங்கியது. அவளும் இங்கே வந்திருப்பாள். பாஸ்டர் வீட்டில் ஆள் இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம் என நினைத்திருப்பாள். அந்தப் பூட்டைப் பார்த்ததும் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே பள்ளிப் பக்கம் ஓடினேன்.

பள்ளிக்கூடம் காலியாக இருந்தது. திரும்பும் வழியில் ஏரிக்கரை. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். தண்ணீரில் ஏதோ வெள்ளையாக மிதந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், பிளாஸ்டிக் கோணி. அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தேன். பிறகு பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். தட்டில் வேகவைத்த மல்லாட்டை விற்கும் ஒரு பெண்ணிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"யூனிபார்ம் போட்ட பொண்ணா? இந்தா, இங்கதான் நின்னுக்கினு இருந்துச்சு. என்னாண்ட வந்து, அக்கா நீங்க சர்ச்சுக்குப் போவீங்களான்னு கேட்டுச்சு. இல்ல கண்ணு, நாங்க மாரியாத்தா கும்பிடறவங்க, ஏன் கேக்கறன்னேன். அவ்ளோதான், பொலபொலன்னு அழுதுடுச்சு. அந்தாண்ட பழக்கடைக்காரரையும் போய்க் கேட்டுச்சு. இன்னாம்மா, பொண்ணுக்கு ஏதாச்சும் பேஜாரா?"

"எங்க போனா அவ?"

"விழுப்புரம் பஸ்ல ஏறிச்சு. நான் கேட்டேன், எங்க கண்ணு போறன்னு. எங்க அப்பா இருக்காரான்னு பார்க்கப் போறேன்னுச்சு."

அரசுப் பேருந்தில் யூனிபார்ம் போட்ட பிள்ளைகளிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. அந்த மண்டபம் அவளுக்குத் தெரியும். விழுப்புரம் புதுப் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். போன மாதம் ஒரு கூட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போயிருந்தோம். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த பேருந்தில் ஏறினேன். ஆனால் பேருந்து நகரத் தொடங்கியதும் வேறு படங்கள்தான் வந்தன. நான்கு வழிச் சாலையைக் குறுக்கே கடக்கும் சின்ன உருவம். கையைப் பிடித்து எங்கோ கூட்டிப்போகும் யாரோ ஒருவன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் தேங்கி நின்றன. பேருந்து ஊர்ந்தது. பாஸ்டர் எண்ணுக்குப் போட்டேன்; அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினேன். ஜெபம் வரவில்லை. என் கணவரின் குரல்தான் வந்தது, நான் கற்றுக்கொடுத்த அதே நிதானத்தில், கடைசி வார்த்தை விழாமல்.

மண்டபத்தில் என்ன நடந்தது என்பதைக் கடைசி வரிசையில் இருந்த ஒரு சகோதரியும், பிறகு என் கணவரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரை போட்டிருந்தார்கள். அவர் பேச்சில் ஆளில்லாத வீடு வரும் இடத்துக்கு வந்து, வாட்சைத் தொட்டார். மெயின் இறங்கியது. பட்டப்பகலிலும் மண்டபம் இருண்டது. ஃபேன்கள் ஓய்ந்தன. ஜனங்கள் அழத் தொடங்கிய அந்த நேரத்தில் பின்கதவு திறந்து ஒரு கீற்று வெளிச்சம் வந்து போனது. யாரும் கவனிக்கவில்லை. உள்ளே வந்தவள் கண்டது இருட்டும், அதற்குள் அழுகிற கூட்டமும், எல்லோரும் போய்விட்டார்கள் என்று எங்கிருந்தோ சொல்கிற அப்பாவின் குரலும்தான்.

அவள் "அப்பா" என்று கூப்பிட்டாள். அழுகைச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. நாற்காலிகளில் மோதி, யார் யாருடைய முகத்தையோ தடவிப் பார்த்துக்கொண்டு, கத்திக்கொண்டே முன்னால் வந்தாள். அந்த நூறு குரல்களுக்கு நடுவில் அவருக்கு அந்த ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறது. "லைட்டைப் போடு!" என்று கத்தினார். மைக் செட்காரர் அது செய்தியின் பாகம் என்று நினைத்து அசையாமல் நின்றார். "யோவ், லைட்டைப் போடுய்யா! எம் பொண்ணுய்யா!" மேடையிலிருந்து இருட்டுக்குள் குதித்தார். எதன் மேலோ மோதி விழுந்தார். விளக்கு வந்தபோது அவள் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடி நின்றிருந்தாளாம். அவர் தொட்டதும் இன்னும் பலமாக அலறினாளாம்.

நான் படியேறி உள்ளே நுழைந்தபோது கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அவர் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் அடிபட்டு வீங்கியிருந்தது. மடியில் அவள். அவளை அப்படியே வாரி எடுத்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது. என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். புடவையில் இருந்த ரத்தக் கறையைப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நம்ம மூணு பேரையுமே விட்டுட்டாங்களா?"

அவர் வாய்விட்டு அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பாஸ்டர் கெட்ட மனிதர் அல்ல. அவரும் கலங்கித்தான் போயிருந்தார். ஆனால் கூட்டம் உருகி நின்ற நேரம் அது. அவர் மைக்கைக் கொண்டுவந்து என் கணவரிடம் நீட்டினார். "பிரதர், இது கர்த்தர் குடுத்த தருணம். நடந்ததை அப்படியே சொல்லுங்க. பாப்பாவைப் பக்கத்துல நிறுத்திக்கங்க. இதைவிடப் பெரிய சாட்சி எதுவும் வேணாம். மண்டபமே முன்னால வந்துடும்."

அது உண்மை. என் கணவருக்கும் அது தெரியும். அவர் மைக்கை வாங்கினார். அவர் அந்த மைக்கில் பேசிவிடுவாரோ என்று பயந்தேன்; ஏரிக்கரையில் இருந்த பயத்துக்குக் குறையாத பயம். பேசினால் அதற்கு மேல் எங்கள் பிள்ளை எங்களுக்கு இல்லை என்று தோன்றியது.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "எம் பொண்ணு பயந்துடுச்சுங்க" என்றார். அவ்வளவுதான். மைக்கை அணைத்து, பாஸ்டர் கையில் வைத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கூட்டம் எதிர்பார்த்தது வராமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நெடுநாள் அவர் எங்கும் பேசவில்லை. கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று நானே சொல்லிச் சமாளித்தேன். மகளுக்குக் காய்ச்சல் இறங்கியது, பயம் இறங்கவில்லை. ஸ்கேன் சென்டர் டாக்டர் மூலமாக ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அந்த அம்மா அவளிடம் தனியாக வெகுநேரம் பேசிவிட்டு, எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அவளுக்குக் கடவுள் மேல பயம் இல்லை. நீங்க ரெண்டு பேரும் அவளை விட்டுட்டுப் போயிடுவீங்கன்னுதான் பயம்" என்றார். என் கணவர் அன்று வீட்டுக்கு வந்து அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பாப்பா, உன்ன விட்டுட்டு நாங்க எங்கயும் போவமாட்டோம்" என்றார்.

"கர்த்தர் கூப்ட்டாலுமா?" என்றாள்.

அவர் அவளை மடியில் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "எம் பொண்ணு எங்க, அவளை முதல்ல காட்டுங்கன்னு கேப்பேன்."

அது எந்தச் சபையும் ஒப்புக்கொள்கிற பதில் இல்லை. ஆனால் அன்று அவள் தட்டில் இருந்த சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள்.

அவரை மறுபடி பேசக் கூப்பிட்டது வானூர் பக்கம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். வேண்டாம் என்றுதான் நினைத்தார். அந்த வீட்டுப் பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார், வரமாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. மைக் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து நின்றபோது, பழையபடி முழங்கால் நடுக்கம். தண்ணீருக்காக வந்த பெண்ணின் கதையைத்தான் மறுபடி எடுத்தார். பேச்சு தட்டுத்தடுமாறியது. குரலைத் தாழ்த்த வேண்டிய இடங்கள் அவருக்குத் தெரியும். அங்கெல்லாம் வேண்டுமென்றே சாதாரணமாகக் கடந்து போனார். கட்டிலில் படுத்திருந்த பெரியவர் நடுவிலேயே தூங்கிவிட்டார். இவர் அதைப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டு பேசி முடித்தார்.

கிளம்பும்போது ஒருவர் கேட்டார். "பிரதர், நீங்க வருகையைப் பத்தி நல்லா பேசுவீங்கன்னு சொன்னாங்களே. அதைக் கேக்கலாம்னுதான் வேலையை விட்டுட்டு வந்தேன்."

"அதை இப்ப பேசறதில்லைங்க."

"ஏன், நீங்க நம்பறதில்லையா?"

"நம்பறேங்க" என்றார் அவர். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஜனங்க பயப்படறதைப் பார்த்து நான் சந்தோஷப்பட ஆரம்பிச்சுட்டேன். அது எங்கிட்ட இருந்து போவட்டும், அப்புறம் பேசறேன்" என்றார்.

கேட்டவருக்கு ஏமாற்றம்தான். இப்போதும் அழைப்புகள் குறைவுதான். விழுப்புரம் மண்டபத்தில் வேறொருவர் அந்தச் செய்தியைப் பேசுகிறார், விளக்கையும் அணைக்கிறார், கூட்டம் நிரம்புகிறது என்று கேள்விப்பட்டோம். அந்த இருட்டில் எந்தெந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கின்றனவோ. என் கணவர் பாஸ்டரிடம் போய்ப் பேசிப் பார்த்தார். "உங்க பொண்ணு கொஞ்சம் பயந்த சுபாவம் பிரதர்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மகள் கூட்டங்களுக்கு வருவதில்லை. நாங்களும் கட்டாயப்படுத்துவதில்லை. நாங்கள் போகும் நாட்களில் மாடியில் வீட்டுக்கார அக்காவோடு டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். கிளம்பும்போது எங்கே போகிறோம், எந்த ஊர், யார் வீடு, எப்போது திரும்புவோம் என்றெல்லாம் கேட்டுக்கொள்வாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்கிறேன். சில நேரம் ஏதோ ஓர் இடத்தில் அவர் குரல் தானாகக் கீழே இறங்கும். முன்னால் இருப்பவர்கள் சட்டென்று நிமிர்வார்கள். அப்போது என் கை பாயைப் பிடித்துக்கொள்ளும். அவரும் அதைக் கண்டுகொள்வார்; பேச்சை நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, வேறு குரலில் தொடங்குவார்.